துன்பத்தின்கண் நகை

நகையும் அழுகையும் தம்முள் மாறுபட்டன என்பது உலகவழக்கு. ஆயினும் ஆசிரியர் தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டினையும் நிரல்படுத்துங்கால், நகையை முதற்கண் வைத்து அதனையடுத்தே அழுகையை வைத்தனர். இரண்டும் அண்டை வீட்டார்போல் ஒட்டி நிற்கின்றன. இழவும் வறுமையும் அழுகைக்குப் பிறப்பிடங்கள் என்பதும் அவர் கொள்கையே. அங்ஙனமாயின், அவ்விழவும் வறுமையும் நகைக்கும் பொருளாகலாமோ? ஆகுமெனின், அந்நகை கேட்டார் நெஞ்சைப் புண்படுத்தாதோ? இதனையே ஈண்டு யாம் ஆராயப் புகுந்தோம்.

நகை தோன்றும் இடங்கள் நான்கனுள் எள்ளல் ஒன்று. அதற்கு உரைவகுத்த பேராசிரியர், ஒருவன் பிறனை இகழ்ந்து சிரிப்பதும் உண்டு, பிறர் தன்னை இகழ்ந்தவிடத்துத் தானே சிரிப்பதும் உண்டு என அதனை இருவகைப்படுத்தினர். இப்பகுப்பினைத் தேர்வின்பொருட்டு மனனஞ் செய்து, தேர்வு முடிந்த மாலையே மறந்துவிடுவார் எம் வகுப்பினருட் பலர். எமக்கோ, எடுத்துக்கொண்ட வினாவிற்குரிய திறவுகோல் அதன்கண்ணே உளது என்று தோன்றுகிறது.

தனிப்பாடல்களுள் ஓர் உழவனது துன்பநிலையைக் கூறும் பாட்டொன்று உண்டு. பசு கன்றீன்ற வேளையில் மழை கொட்டுகிறது; வீடு இடிந்து விழுகிறது; மனைவி நோயுறுகிறாள்; பணியாள் இறக்கிறான். நிலத்தின் ஈரம் காய்வதற்குள் விதைக்கவேண்டுமென்று விதையோடு ஓடுகிறவனைக் கடன் கொடுத்தவர் மறிக்கின்றனர், இழவுச் செய்தி கொண்டு ஒருவன் எதிர்ப்படுகிறான், விலக்கமுடியாத விருந்தினர் வருகின்றனர், பாம்பும் கடித்துவிடுகிறது. இத்துணைக்கும் பின்னர் அரசிறை கேட்பாரும் குருதட்சிணை கேட்பாரும் வந்து நிற்கின்றனர்! ஒவ்வொன்றையும் தனித்தனியே நோக்கின் கண்ணீர் வரும். ஒன்றன்மேலொன்றாக அடுக்கியவழியோ சிரிப்பே வருகின்றது. ஆயினும் அவ்வுழவனை நாம் இகழ்ந்தோமல்லேம். பாம்பு கடித்தவனிடத்தும் வரி கேட்பானையன்றோ அப்பாட்டு எள்ளுகிறது?

வள்ளுவனார், இடுக்கண் வந்துழி நகுக என்று பணித்தார்; அவரே பண்புடைமை கூறுமிடத்து, விளையாட்டின்கண்ணும் பிறரை இகழ்தல் துன்பந்தருமென்றார். முன்னது துன்புறுவானுக்குக் கூறியது. பின்னது அவன் அருகே நிற்பார்க்குக் கூறியது. ஆதலின் முரணில்லை.

துன்புறுவான் தானே நகுதற்கு மேனாட்டிலும் சான்றுண்டு. 1535-ஆம் ஆண்டு, எட்டாம் ஹென்றி மன்னனாற் கொலைத்தண்டம் பெற்ற தாமஸ் மோர், உறுதியற்று ஆடிய கொலைமேடையின் படிகளில் ஏறுங்கால், ஏறுதற்கு மட்டும் கைகொடுக்கும்படியும், இறங்குவதைத் தாமே பார்த்துக்கொள்வதாகவும் அருகிருந்த அதிகாரியிடம் வேடிக்கையாகக் கூறினரென்று அவர்தம் மருமகர் எழுதிவைத்தனர். அச்சொல்லைக் கேட்டு அங்கு நின்றவருள் எவர் மனம் நோவார்? ஆனால் அதே சொல்லைக் கொலைஞன் கூறியிருப்பானாயின், அதனினும் கொடுஞ்சொல் பிறிதில்லை.

கிறிஸ்தவர்களாகிய எமக்கு இப்பின்னைய வகை நகையைத் தேடித் தொலைவிற் செல்ல வேண்டுவதில்லை. பிலாத்துவின் போர்ச்சேவகர் நம் ஆண்டவருக்கு அரசவுடை போர்த்தி, முள்ளால் முடி சூட்டி, கையிற் கோலென ஒரு நாணலைக் கொடுத்து, முழந்தாளிட்டு வாழ்த்துக் கூறினதும் ஒரு வேடிக்கையே. அவர்கள் நன்றாகச் சிரித்திருப்பார்கள். ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று அப்பகுதி வாசிக்கப்படுங்கால், அடித்த அடியினும் அச்சிரிப்பே எமக்கு மிகுதியாக உறைக்கின்றது.

இனி, இவ்விரு வகையுள்ளும் எளிதில் அடங்காத நூலொன்றைக் காண்போம். ஜோனதன் ஸ்விப்ட் என்பார் டப்ளின் நகரத்துப் பாட்ரிக் பேராலயத்தின் தலைமைக் குரு. அயர்லாந்து அக்காலத்து ஏழ்மையில் மூழ்கிக் கிடந்தது. நிலக்கிழார் பலர் இங்கிலாந்திலிருந்துகொண்டு குத்தகைப் பணத்தை உண்டனர். 1729-ஆம் ஆண்டு ஸ்விப்ட் தம் பெயரின்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஏழைகளுக்கு ஆண்டுதோறும் பிறக்கும் 1,20,000 குழந்தைகளுள் 20,000 பேரை இனப்பெருக்கத்திற்கு நிறுத்தி, எஞ்சிய 1,00,000 பேரை ஓராண்டு நிறைந்ததும் செல்வர்தம் உணவிற்கு விற்றுவிடலாம் என்பது அதன் கருத்து. வறுக்கலாம், வேகவைக்கலாம் என்று சமையல்முறையும் கூறப்படுகின்றது. கணக்கன் ஒருவன் வரவுசெலவு படிப்பதுபோன்ற அமைதியான நடை. முதன்முறை கற்றபொழுது எம்முள் ஒருவர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

இது பட்டினி கிடக்கும் மகவை நகைத்ததோ? அன்று. ஏழைகளைத் தொகையாகவும் பண்டமாகவும் எண்ணிப் பேசிய அறிஞர்தம் குரலையே ஸ்விப்ட் முகமூடியாக அணிந்துகொண்டனர். நூலின் இறுதியிலே, நாட்டைவிட்டு அகன்று வாழும் நிலக்கிழார்க்கு வரி விதித்தல், உள்நாட்டுத் துணியையே உடுத்தல் முதலிய வழிகளை எவரும் தம்மிடம் பேசவேண்டா என்று அக்குரல் தள்ளிவிடுகிறது. அயர்லாந்தின் ஆடைகளையே வாங்குக என்று 1720-இல் உள்ளபடியே ஸ்விப்ட் எழுதியதுண்டு. பயன், அதனை அச்சிட்டவர்மேல் வழக்கு! நேரே கூறியதைக் கேளாதவர் செவியில், ஒன்பது ஆண்டுகட்குப் பின்னர் இக்கொடிய நகை ஏற்றப்பட்டது. இதனாற் புண்பட்டார் உளரெனின், அவர் புண்படத்தக்கவரே என்பது எம் துணிபு.

ஆயினும் எள்ளப்பட்டவன் யாவன் என்று காட்டிவிட்டால் வழக்கு முடிந்துவிடுமென்று கொள்ளற்க. சென்ற ஆண்டு எம் விடுதிவிழாவில் ஒரு சிறு நாடகம் நடித்தனர். பொருளாசை மிக்க கிழவர் ஒருவர் இறந்துகிடக்க, உறவினர் ஒப்பாரி வைத்துக்கொண்டே அவர் தலையணையின்கீழ்ச் சாவிக்கொத்தைத் தேடுகின்றனர். காப்பி வந்ததும் ஒப்பாரி நிற்கிறது. மண்டபம் அதிர்ந்தது. மூன்றாம் வரிசையில் இருந்த நண்பரொருவர், தந்தையை அடக்கஞ்செய்து நாற்பது நாளும் நிரம்பாதவர், எழுந்து வெளியே சென்றுவிட்டார். அன்றிரவு விடுதியில் வழக்காட்டுப் பெரிதாயிற்று. இறந்தவரை எவரும் நகைத்திலர், போலி அழுகையையே நகைத்தோம் என்றனர் நடித்தவர். சாவினை மேடையேற்றலே தகாது என்றனர் மற்றையோர். நண்பரைக் கேட்டார் ஒருவருமில்லை. இரண்டு நாள் கழித்து யாம் கேட்டபொழுது அவர் கூறியது இது: “எங்கள் வீட்டிலும் சாவியைத் தேடினார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிறேனே என்று அஞ்சி எழுந்தேன்.”

இதனைக் கேட்டபின், பிறர்பொருட்டுச் சினந்தெழுதலில் எமக்கிருந்த ஊக்கம் பெரிதும் குறைந்தது. எனினும் நடித்தவர் முற்றும் தப்பினாரென்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. அவ்விருக்கையில் வேறொருவர் இருந்திருப்பின், விடை வேறாக இருந்திருக்கும். அவர் இருப்பதைக் காட்சி தொடங்குமுன் ஒருவராவது எண்ணிப் பார்த்திருக்கலாம்.

காலமும் நகையின் பொருளை மாற்றவல்லது. சார்லி சாப்ளின் என்னும் நடிகர், ஹிட்லரை எள்ளி ‘தி கிரேட் டிக்டேட்டர்’ என்னும் படத்தை 1940-இல் வெளியிட்டார். யூதராகிய முடிதிருத்துவோன் ஒருவனும் கொடுங்கோலன் ஒருவனும் உருவொத்திருத்தலே அதன் கதை; இரு வேடத்தையும் சாப்ளினே பூண்டனர். யூதரைச் சிறைமுகாமில் அடைத்தலும் அதில் நகைப்பிற்கிடமாக வருகின்றது. முகாம்களின் உண்மைக் கொடுமை அன்று தமக்குத் தெரிந்திருந்தால் அப்படத்தை எடுத்திருக்கவே முடியாது என்று 1964-இல் வெளிவந்த தம் வரலாற்றில் அவர் எழுதினார். கொடுங்கோலனை எள்ளியது தவறென்று அவர் கூறவில்லை. அறிந்தபின் தம்மால் இயலாது என்றே கூறினார்.

அப்படத்தை நண்பர் சிலரோடு அண்மையில் யாமும் கண்டோம். கொடுங்கோலன் உலகவுருண்டையைப் பந்தாக்கி ஆடுமிடத்தில் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தோம். முடிதிருத்துவோன் முகாமிலே கைதிகளோடு அணிவகுத்து நடக்குமிடத்தில் ஒருவரும் சிரித்திலேம்.