குடிபோதையில் வாகனம் ஓட்டுதல்: சட்டமும் விளைவுகளும்

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், பங்காருப்பேட்டையை அடுத்துள்ள பூதிகோட்டை, ஹைதர் அலி பிறந்த ஊராக வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. இதன் அண்மையிலுள்ள கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கப் பணி நிறுத்தப்பட்டது. அதன்பின் வேலை தேடி வெளியூர் சென்றுவரும் நிலை பெருகியது. இத்தகைய பகுதியில் வாடகை வாகனம் ஓட்டிப் பிழைப்பவருக்கு ஓட்டுநர் உரிமமே வாழ்வாதாரம். குடிபோதை பற்றிய சட்டத்தை அவர் அறிந்திருப்பது இன்றியமையாதது.

சட்டத்தின் வரையறை

1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தொடக்கத்தில், வாகனத்தைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்குப் போதை இருப்பதையே குற்றமாகக் கருதியது. இதனை மெய்ப்பித்தல் எளிதன்று. ஆதலின் இன்று அளவே அடிப்படை ஆகியுள்ளது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 185ஆம் பிரிவின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் சாராயச் சத்து இருப்பின் குற்றமாகும். இங்கிலாந்து 1967இல் இவ்வரம்பை 80 மில்லிகிராம் என வகுத்தது. இதனை ஒப்பிட்டால் நம் சட்டத்தின் கண்டிப்பு புலனாகும். போதை மருந்துகளுக்கும் இப்பிரிவு பொருந்தும்.

தண்டனைகள்

2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, முதற் குற்றத்திற்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். மீண்டும் செய்தால் சிறை இரண்டாண்டு வரையும், அபராதம் 15,000 ரூபாயாகவும் உயரும். சாலையிலேயே அபராதம் செலுத்தி முடித்துக்கொள்ளும் இனத்தில் இக்குற்றம் சேராது. வழக்கு நீதிமன்றம் செல்லவேண்டும். குற்றம் உறுதியானால், குறைந்தது ஆறு மாதம் உரிமம் பெறத் தகுதியிழப்பு ஏற்படும் என 20ஆம் பிரிவு கூறுகிறது. அபராதத்தினும் இதுவே ஓட்டுநர் குடும்பத்தைப் பெரிதும் பாதிக்கும்.

குடிமகனுக்குரிய பாதுகாப்பும் உண்டு. சீருடையணிந்த காவலர் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். ஆயினும் இரண்டு மணி நேரத்திற்குள் மருத்துவப் பரிசோதனை நடத்தப்படாவிடில் விடுவிக்க வேண்டும். தக்க காரணமின்றிச் சோதனைக்கு மறுப்பது, வழக்கில் அவருக்கு எதிரான சூழ்நிலையாகக் கொள்ளப்படலாம்.

உயிரிழப்பு நேர்ந்தால்

2006இல் மும்பை பாந்திராவில் நடைபாதையில் உறங்கிய ஏழு தொழிலாளர் கார் மோதி மாண்டனர். அவ்வழக்கில், 2012இல் உச்சநீதிமன்றம், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தை உறுதிசெய்தது. இக்குற்றத்திற்குப் பத்தாண்டு வரை சிறை விதிக்க இயலும். கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா ஐந்தாண்டு வரை சிறை விதிக்கிறது.

காப்பீடும் துணை நில்லாது. குடித்து ஓட்டிய வாகனத்தின் சேதத்திற்கு இழப்பீடு மறுக்கலாம் என 2021இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடனில் வாங்கிய வாகனமாயின், வாகனம் பயன்படாது போயினும் தவணை நிற்பதில்லை.

தண்டனை மட்டும் விபத்தைத் தடுத்துவிடாது. சோதனைக் கருவிகளும் விரைந்த விசாரணையும் சிற்றூர்ச் சாலைகளையும் எட்டவேண்டும். குடித்தவர் சாவியைப் பிறரிடம் ஒப்படைக்கும் வழக்கம் ஊர்தோறும் வேரூன்றினால், சட்டத்தின் நோக்கம் நிறைவேறும்.