கடல்நீர்த் தொட்டியில் ஒன்றாய் வாழக்கூடிய மீன்கள்

முருகைக்கற்கள் அமைத்த கடல்நீர்த் தொட்டியொன்றை வீட்டில் வைத்திருப்போர் தம் மீன்கள் இறக்கும்போது நீரையும் நோயையுமே முதலிற் சந்தேகிப்பர். ஆயினும் பல வேளைகளில் தவறு, மீன்களைத் தெரிந்தெடுத்த நாளிலேயே நிகழ்ந்து விடுகின்றது. கிழக்குக் கரையோர நகரொன்றில் ஆசிரியர் ஒருவர் ஓராண்டாகப் பேணிவந்த தொட்டியிற் கறுப்புப் பொட்டுகளுள்ள மஞ்சட் பெட்டிமீன் ஒன்றையும் கிளாத்தி ஒன்றையும் ஒரே மாலையிற் சேர்த்தார். இரவு முழுவதும் கிளாத்தி அதனைத் துரத்தியது. பெட்டிமீன் அச்சமுற்றால் தன் தோலிலிருந்து நஞ்சைக் கசியவிடும். விடியற்காலையில் அத்தொட்டியிலிருந்த மீன்கள் யாவும், நஞ்சைக் கசியவிட்ட பெட்டிமீன் உட்பட, மிதந்தன. நீரும் குறைவற்றது, நோயும் இல்லை. இரு மீன்களின் சேர்க்கையே பிழையாகும்.

கடலில் வாழும் முருகைப்பாரிலும் மீன்கள் ஒன்றையொன்று துரத்துவது வழக்கமே. அங்கே துரத்தப்பட்ட மீன் பத்து முழம் அப்பாற் சென்று வேறொரு பொந்தில் ஒதுங்கிக்கொள்ளும். ஒரு மீற்றர் நீளமுள்ள கண்ணாடித் தொட்டியில் அதற்குப் புகலிடம் இல்லை. ஆதலின் "இவை கடலில் ஒன்றாகத்தானே வாழ்கின்றன" என்னும் வாதம் தொட்டிக்குப் பொருந்தாது.

முதலிற் கணிக்கவேண்டியது இடமாகும். 100 சதமமீற்றர் நீளமும், 50 சதமமீற்றர் அகலமும், 50 சதமமீற்றர் உயரமுமுள்ள தொட்டி 250 இலீற்றர் கொள்ளும். மணலும் கல்லும் இட்டபின் எஞ்சும் நீர் ஏறத்தாழ 200 இலீற்றரே. இருபது இலீற்றர் நீருக்கு 2.5 சதமமீற்றர் மீன் எனக் கொள்வது பாதுகாப்பான அளவாகும். இங்கு மீனின் நீளம் எனப்படுவது கடையிற் காணும் நீளமன்று, முழு வளர்ச்சியடைந்தபின் அதற்குள்ள நீளமாகும். இக்கணக்கின்படி அத்தொட்டிக்கு 25 சதமமீற்றர் மட்டுமே உரியது. இது கஞ்சத்தனமாகத் தோன்றக்கூடும். 2022 ஆம் ஆண்டில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியபோது நீரிறைக்கும் பம்பிகள் நின்றன. நெருக்கமாக மீனிட்ட தொட்டிகளில் ஒட்சிசன் விரைந்து குறைந்தது. அத்தகைய வேளையிற் குறைந்த மீன்தொகையே காப்பாகும். மின்கலத்தால் இயங்கும் சிறு காற்றுப்பம்பி ஒன்றை வைத்திருத்தலும் நன்று.

அடுத்து மீனின் வாயைப் பார்த்தல் வேண்டும். வாய்க்குள் அடங்கக்கூடிய எதனையும் சிங்கமீனும் களவாயும் விழுங்கிவிடும். சிங்கமீன் முருகையைத் தீண்டாது. எனினும் சிறுமீன்களையும் இறால்களையும் ஒவ்வொன்றாக முடித்துவிடும். அதன் முட்கள் நச்சுடையன என்பதையும் சிறுவர் உள்ள வீட்டார் மறத்தலாகாது. கிளாத்தியும் பேத்தையும் நண்டு, சங்கு முதலியவற்றைப் பல்லால் உடைத்துண்பன; ஆகவே முருகைத் தொட்டிக்கு ஏற்றனவல்ல.

வண்ணத்துப்பூச்சி மீன்களின் அழகில் மயங்காதார் இலர். ஆயின் அவற்றுட் பல இனங்கள் உயிருள்ள முருகைப் பூச்சிகளையே உணவாகக் கொள்வன. வேறெதையும் உண்ணாது, நாளுக்கு நாள் மெலிந்து, சில கிழமைகளில் இறக்கும். அவற்றை வாங்காதிருத்தலே அவற்றுக்குச் செய்யும் உதவி. பிற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும் நீலக்கோடுடைய துப்புரவு மீனும் அவ்வாறே. அது பாரில் இருக்கவேண்டிய மீன். வீட்டுத் தொட்டியிற் பெரும்பாலும் பட்டினியால் மடியும்.

டம்செல் எனப்படும் சிறுமீன்கள் குறித்துச் சற்று விரிவாகக் கூறவேண்டியுள்ளது. ஏனெனிற் புதிதாகத் தொட்டி அமைப்போரை ஏமாற்றுவன இவையே. மலிவானவை, கெட்ட நீரையும் தாங்குவன. எனவே "முதலில் இவற்றைப் போடுங்கள்" என்று விற்போர் கூறுவதுண்டு. கரிய உடலில் வெண்பொட்டுகளுடைய டம்செல், குஞ்சாயிருக்கும்போது விரல்நக அளவில் மிகவும் அழகாகத் தோன்றும். வளர வளரப் பொட்டுகள் மங்கும். மீனும் 14 சதமமீற்றர் வரை வளரும். தொட்டி முழுவதையும் தன்னுடையதாகக் கொள்ளும். பின்னர் இடும் ஒவ்வொரு மீனையும் மூலைக்குத் துரத்தி, செட்டை கிழியக் கடிக்கும். அதனைப் பிடிப்பதற்கோ அடுக்கிய கற்கள் யாவற்றையும் வெளியில் எடுக்க நேரும். பச்சைநீல நிறமுள்ள, கூட்டமாக நீந்தும் குரோமிசு இனம் இக்குடும்பத்திற் சாந்தமானது.

கோமாளி மீனில் ஒரே இனத்தின் இணை ஒன்றை மட்டும் வைத்தல் வேண்டும். இரண்டு இனங்களைச் சேர்த்தாற் சண்டை நேரும். இவை யாவும் ஆணாகவே பிறந்து, கூட்டத்திற் பெரியது பெண்ணாக மாறுவதால், அளவில் வேறுபட்ட இரு குஞ்சுகளை வாங்கினாற் காலப்போக்கில் அவை தாமே இணையாகும். வளர்ப்பகங்களிற் பொரித்த குஞ்சுகளே சிறந்தவை. அவை தொட்டி உணவுக்குப் பழகியவை. கோமாளிக்குக் கடலனிமனி கட்டாயமன்று. அனிமனி மிகுந்த ஒளி வேண்டுவது. இடம்பெயர்ந்து பம்பியில் அகப்பட்டால் தொட்டி முழுவதும் நாசமாகும்.

நீல உடலும் மஞ்சள் முதுகுச் செட்டையும் கரிய முகமுமுடைய சேர்ஜன் மீன் நம் கடலிலேயே கிடைப்பதால் பலர் அதனை விரும்புவர். 20 சதமமீற்றருக்கு மேல் வளரும் அம்மீன் நாள் முழுவதும் நீந்தித் திரியும். 180 சதமமீற்றர் நீளத்துக்குக் குறைந்த தொட்டி அதற்குச் சிறைச்சாலை. வெண்புள்ளி நோய்க்கும் எளிதில் இலக்காகும். பாசியைக் கட்டுப்படுத்தவேண்டின் சங்குகள் போதும்.

எனவே மேலே கூறிய தொட்டிக்கு ஓரிணைக் கோமாளியும், மணலிற் குழிபறித்து வாழும் சிறிய உளுவை ஒன்றும், வேறு குணமுடைய சிறுமீன் ஒன்றும் போதுமானவை. உளுவை முதலியன துள்ளி வெளியே விழுவனவாதலின் வலைமூடி அவசியம்.

மீனிடும் ஒழுங்கும் முக்கியமானது. தொட்டி அமைத்து நான்கு தொடக்கம் ஆறு கிழமை வரை மீனின்றி விடுதல் வேண்டும். அக்காலத்திற் பற்றீரியாக்கள் பெருகி, அமோனியாவை நைத்திரைற்றாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் ஆற்றலைப் பெறும். அதன்பின் கூச்சமுள்ள மீனை முதலிலும், அதிகாரஞ் செய்யும் மீனை இறுதியிலும், இரண்டிரண்டு கிழமை இடைவெளியில் இடுக. வாங்குமுன் கடைக்காரரை உணவிடச் சொல்லிப் பார்த்தல் நன்று. உண்ணாத மீனை வாங்கவேண்டாம். புதிய மீனை முதலில் வேறொரு சிறு தொட்டியில் நான்கு கிழமை வைத்திருந்து, உப்பிட்டாற்போன்ற வெண்புள்ளிகள் தோன்றுகின்றனவா எனப் பார்க்கவேண்டும். அந்நோய்க்குரிய செப்பு மருந்து முருகையையும் இறாலையும் கொல்லுமாதலின் பெருந்தொட்டியில் அதனைப் பயன்படுத்த இயலாது.

கடற்கரையோர் நேரே கடல்நீரை எடுப்பதாயின், வடகீழ்ப் பருவமழையில் முகத்துவாரங்கள் உடைத்துப் பாயும் காலத்திற் கரைநீரின் உப்புக் குறைந்திருக்கும் என்பதை நினைவிற் கொள்க. தன்னீர்ப்பு 1.023 தொடக்கம் 1.025 வரை இருத்தல் வேண்டும். ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்றுக, உப்பு ஆவியாவதில்லை.

கல்லுக்காகப் பாரை உடைத்தல் ஒருபோதும் கூடாது. அது சட்டத்துக்கும் மாறானது. 1998 இல் கடல்நீர் சூடேறி வெளிறிப்போன பார்கள் பல இன்னும் முழுமையாகத் தேறவில்லை.

இத்தனை கவனித்தும் சண்டை மூண்டால், விளக்கை அணைத்து, கற்களை இடம்மாற்றி அடுக்குக. பழைய எல்லைகள் அழிய, துரத்தும் மீன் தன் இடத்தை மீண்டும் தேடத் தொடங்கும். இரண்டு நாளிலும் அடங்காவிடின் துரத்தும் மீனைப் பிடித்து விற்றவரிடமே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். பிறநாட்டு இனமாயின் அதனைக் கடலில் விடுதல் ஆகாது. அத்திலாந்திக்குக்கு உரியதல்லாத சிங்கமீன், 1985 இல் புளோரிடாக் கடலில் முதலிற் காணப்பட்டு, பின்னர் கரீபியன் கடல் முழுவதும் பரவி, அங்குள்ள சிறுமீன்களை இன்றும் தின்றுகொண்டிருக்கின்றது.