கடைசிக் குழாயடிக்கும் தண்ணீர்

குளத்து நீரில் கமம் செய்தவர்களுக்குத் துருசு என்றால் என்னவென்று நாம் சொல்லத் தேவையில்லை. தூக்கினால் நீர் பாயும், இறக்கினால் அடங்கும். குழாயில் பூட்டும் வால்வும் ஒரு சிறு துருசுதான். ஆனால் வாய்க்காலில் நாம் கவனிக்காத ஒன்று மூடிய குழாயில் உண்டு. அதுவே அமுக்கம். இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் ஒரே தாங்கியில் தண்ணீர் எடுக்கும் இடங்களில் எழும் குழாயடிச் சண்டைகள் பலவற்றுக்கு, இதனை விளங்கிக்கொள்ளாமையும் ஒரு காரணம்.

அமுக்கம் எங்கிருந்து வருகிறது?

தாங்கி பெரிதா சிறிதா என்பது முக்கியமல்ல. நீர்மட்டம் குழாய் வாயிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதே முக்கியம். 10 மீற்றர் உயர நீர் ஏறத்தாழ 1 பார் அமுக்கம் தரும். 4 மீற்றர் என்றால் 0.4 பார். ஆகவே பள்ளத்திலுள்ள குழாய்க்கு அமுக்கம் அதிகம், மேட்டிலுள்ளதற்குக் குறைவு.

இது தண்ணீர் ஓடாமல் நிற்கும்போதுள்ள கணக்கு. ஓடத் தொடங்கியதும் குழாய்ச் சுவரில் உராய்ந்து அமுக்கம் குறையும். ஓட்டம் இரு மடங்கானால் இந்த இழப்பு மூன்றரை முதல் நான்கு மடங்காகும். பள்ளத்துக் குழாயை முழுதாகத் திறந்தால் பிரதான குழாயில் அமுக்கம் விழுந்து, மேட்டிலுள்ள கடைசிக் குழாய் வற்றிவிடுவது இதனால்தான். அங்குள்ளவர்கள் தாங்கி வெறுமையென நினைப்பார்கள். தாங்கியிலோ தண்ணீர் இருக்கும்.

வால்வு என்ன செய்கிறது?

வால்வைச் சிறிது மூடினால், ஒடுங்கிய வழியால் தண்ணீர் விரைந்து, சுழன்று, அமுக்கத்தை இழக்கும். வால்வுக்கு அப்பால் அமுக்கம் குறையும். தாங்கிப் பக்கத்தில் கூடும். அவ்வாறு கூடிய அமுக்கம் மேட்டுக் குழாய்க்கு நீரைத் தள்ளும். வால்வு தண்ணீரை உண்டாக்காது, பங்கிட உதவும்.

செய்து பார்ப்போம்

1. ஒவ்வொரு கிளைக் குழாயின் தொடக்கத்திலும் ஒரு வால்வு பூட்டுங்கள்.
2. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து, 10 லீற்றர் வாளி நிரம்ப எத்தனை செக்கன் ஆகிறதென ஒவ்வொன்றிலும் அளவுங்கள்.
3. விரைவாக நிரம்பும் கிளையின் வால்வைச் சிறிது மூடுங்கள்.
4. மீண்டும் எல்லாவற்றையும் அளவுங்கள். ஒன்றை மாற்றினால் மற்றவையும் மாறும்.
5. நேரங்கள் ஏறத்தாழச் சமமானதும் வால்வின் நிலையை மையால் அடையாளமிடுங்கள்.

இதனை எல்லாக் குடும்பத்தவரும் பார்த்திருக்கச் செய்வது நல்லது. கண்ணால் கண்ட பங்கீட்டைப் பின்னர் எவரும் இரகசியமாகத் திருகமாட்டார்கள்.

கவனிக்க வேண்டியவை

‘கேற்’ வால்வு முழுதாகத் திறக்க அல்லது மூடவே ஏற்றது. பாதியில் விட்டால் அதன் தகடு அதிர்ந்து தேயும். ஓட்டத்தைக் கட்டுப்படுத்த ‘குளோப்’ வால்வு சிறந்தது.

எந்த வால்வையும் சட்டென்று மூடாதீர்கள். பீ.வீ.சி. குழாயில் செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடும் நீரைத் திடீரென நிறுத்தினால் 3 முதல் 5 பார் வரையான மேலதிக அமுக்கம் எழும். ஒட்டிய மூட்டுகள் கழன்றுவிடக்கூடும். மெல்ல மூடினால் இந்த ஆபத்தில்லை.

கலந்துரையாடுவோம்

எமது குழாய் வரிசையில் கடைசி வாளி நிரம்ப எவ்வளவு நேரமாகிறது? முதல் வாளிக்கு எவ்வளவு? இந்த வித்தியாசத்தைக் குறைக்க நாம் எந்த வால்வைத் திருக வேண்டும்?