சக்கரம் தட்ட வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

சி அண்ட் டபிள்யூ (கேரேஜ் அண்ட் வேகன்) பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள். அளவுகளைப் பயிற்சியிலேயே மனப்பாடம் செய்திருப்பீர்கள். யார்டு கற்றுக்கொடுத்ததில் சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

1. முதலில் சிவப்புக் கொடி. ரேக்கின் இரண்டு முனையிலும் பகலில் கொடியும் இரவில் சிவப்பு விளக்கும் வைக்காமல் எந்தப் பெட்டிக்கு அடியிலும் தலையை நீட்டாதீர்கள். "இஞ்சினே இன்னும் வரலையே அண்ணே" என்பான் கூட வருபவன். காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

2. வண்டி நின்ற பிறகுதான் வேலை என்று டீக்கடையில் உட்கார்ந்திருக்காதீர்கள். அது உள்ளே நுழையும்போதே இரண்டு பக்கமும் ஆள் நிற்க வேண்டும். ஓரிடத்தில் பட்டையாகத் தேய்ந்த பிளாட் டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை தண்டவாளத்தை 'டக்' என்று அடிக்கும். ஆக்சில் பாக்ஸ் கொதித்தால் கிறீச்சிடும், கிரீஸ் கருகும் வாடை முன்னால் வரும். சக்கரம் ஓடும்வரைதான் இதையெல்லாம் சொல்லும். நின்றுவிட்டால் வாயை மூடிக்கொள்ளும்.

3. இனி சுத்தியல். சந்தையில் மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே வித்தைதான். நல்ல சக்கரம் கணீரென்று நீட்டி ஒலிக்கும். விரிசல் விட்டிருந்தால் சத்தம் சட்டென்று செத்துவிடும். ஆனால் பிரேக் பிளாக் பிடித்திருந்தால் நல்ல சக்கரமும் மொத்தென்றுதான் கேட்கும். எண்ணெயும் சேறும் அப்பியிருந்தாலும் அப்படித்தான். பிரேக் விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் தட்டுங்கள்.

அந்தக் காலத்துச் சக்கரத்தில் டயர் தனி. அதைச் சூடாக்கி, விரியவைத்து, நடுப்பகுதியின்மேல் மாட்டுவார்கள். ஆறியதும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அது தளர்ந்ததா என்று கண்டுபிடிக்கத்தான் சுத்தியல் பெரிதும் உதவியது. இப்போது வருவதெல்லாம் பெரும்பாலும் ஒரே துண்டுச் சக்கரம். பெங்களூரு எலகங்காவில் 1984 முதல் வார்க்கிறார்கள். சுத்தியலுக்கு வேலை குறைந்துவிட்டது, உண்மைதான். இருந்தும் நான் அதை விடச் சொல்லமாட்டேன். தட்டுவதற்காகவாவது ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் நின்று குனிய வேண்டியிருக்கிறதே! சும்மா நடந்து போகிறவன் கண்ணில் பாதிதான் படும்.

4. காதை ரொம்பவும் நம்பிவிடாதீர்கள். ஆக்சிலுக்குள் இருக்கும் விரிசலைப் பிடிக்க ஒர்க்‌ஷாப்பில் அல்ட்ராசானிக் சோதனைதான் வழி. ஜெர்மனியில் எஷெடே அருகே 1998 ஜூன் 3 அன்று அதிவேக ரயில் ஒன்றின் டயர் உடைந்து 101 பேர் இறந்தார்கள். அந்த விரிசல் தொடங்கியது டயரின் உட்புறத்தில்.

5. கண்ணளவு கூடாது, கேஜை வைத்துப் பாருங்கள். தேய்ந்து பட்டையான இடம் ஐ.சி.எஃப் பெட்டியில் 50 மி.மீட்டரையும், பெட்டி வேகனில் 60 மி.மீட்டரையும் தாண்டக் கூடாது. அதைவிட எனக்குப் பயம் கூர்மையாகத் தேய்ந்த பிளாஞ்ச், அதாவது சக்கரத்தின் விளிம்பு. தண்டவாளம் பிரியும் பாயிண்டில் நாக்கு கொஞ்சம் விலகியிருந்தாலே போதும், அந்த இடுக்கில் நுழைந்துவிடும்.

6. ஆக்சில் பாக்ஸின் சூட்டைப் புறங்கையால் தொட்டுப் பார்த்த தலைமுறை எங்களுடையது. உங்கள் கையில் தொடாமலே அளக்கும் வெப்பமானி இருக்கிறது. ஒரு பாக்ஸின் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு நகராமல், பக்கத்துப் பாக்ஸோடும் எதிர்ப்பக்கத்தோடும் ஒப்பிடுங்கள். வித்தியாசம்தான் பேசும்.

7. செந்நிறத் துருக்கோடு கண்ணில் பட்டால் துடைத்துவிட்டுப் பாருங்கள்; அடியில் விரிசல் இருக்கலாம்.

8. "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று கண்ட்ரோலிலிருந்து போன் வரும். வரத்தான் செய்யும்; நேரத்துக்கு வண்டியை அனுப்புவது அவர்கள் வேலை. சந்தேகம் இருக்கும்போது பிரேக் பவர் சர்ட்டிபிகேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள். வேகனைக் கழற்றி, பழுது பார்க்கும் சிக் லைனுக்கு அனுப்புங்கள். தாமதத்துக்குப் பதில் எழுத ஒரு வரி போதும்.

9. ஒரு முனையில் தொடங்கி ஒரு பக்கமாகப் போய், மறுபக்கமாகத் திரும்புங்கள். நடுவில் யாராவது கூப்பிட்டால், நின்ற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் கோட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம். அதற்கு முந்தின பெட்டியிலிருந்து தட்டுங்கள்.