சாரலை நம்பி நடும் கன்று: பள்ளியின் சூழல் சுமையை மாணவர்கள் குறைப்பது எப்படி?

ஒரு பள்ளியால் சூழலுக்கு ஏறும் சுமை பெரும்பாலும் தண்ணீர், மின்சாரம், சாப்பாடு, குப்பை ஆகிய நான்கின் வழியாகவே வருகிறது. அதைக் குறைக்கும் வழியை மாணவர்களே வகுப்பது புதிய யோசனை அல்ல. தேசிய பசுமைப் படை என்ற பெயரில் 2001-02-இலேயே இந்தியப் பள்ளிகளில் சுற்றுச்சூழல் மன்றங்கள் தொடங்கப்பட்டன. டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் நடத்தும் பசுமைப் பள்ளிகள் திட்டத்தில் காற்று, ஆற்றல், உணவு, நிலம், நீர், கழிவு என்ற ஆறு தலைப்புகளில் மாணவர்கள் தங்கள் பள்ளியைத் தாங்களே தணிக்கை செய்கிறார்கள். 1994-இல் ஐரோப்பாவில் தொடங்கிய ஈகோ-ஸ்கூல்ஸ் திட்டத்திலும் மாணவர் குழு முதலில் பள்ளியை ஆய்வு செய்கிறது. செயல்திட்டம் அதற்குப் பிறகுதான். முதலில் அளவு, அடுத்து யோசனை, கடைசியில் வேலை. தோற்றுப்போகும் முயற்சிகள் பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கியவை.

தேதியில் நடக்கும் தவறு

தென்காசி, குற்றாலம், இலஞ்சி, செங்கோட்டைப் பக்கத்துப் பள்ளிகளில் மாணவர்களின் உழைப்பை அதிகம் வீணாக்குவது மரக்கன்று நடும் தேதி. ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். பள்ளி திறக்கும் நேரமும் அதுதான். மேற்கே மலையை மேகம் மூடியிருக்கும், அருவியில் தண்ணீர் விழத் தொடங்கியிருக்கும். நடுவதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை என்றே தோன்றும்.

ஆனால் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மலையின் மேற்குச் சரிவு, அதாவது கேரளப் பக்கம், வாங்கிக்கொள்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் வருவது சாரலும் பலத்த காற்றும். சாரல் சட்டையை நனைக்கும். கன்றின் வேர் இருக்கும் ஆழத்துக்கு இறங்காது. ஆடிக் காற்றோ மேல்மண்ணில் இருக்கும் கொஞ்ச ஈரத்தையும் உலர்த்திவிடும். குற்றாலத்திலிருந்து கிழக்கே பாவூர்சத்திரம், ஆலங்குளம் என்று போகப் போகச் சாரலும் குறைந்துவிடுகிறது. அந்தப் பக்கத்து மானாவாரி நிலங்கள் நம்பியிருப்பது ஐப்பசி, கார்த்திகை மழையை. விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு இது தெரிந்த செய்திதான். விழாவுக்கு நாள் குறிப்பவர்கள் அவர்களிடம் கேட்பதில்லை.

ஜூனில் நட்டால் நாள்தோறும் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். அக்டோபர் நடுவில் நட்டால் அந்த வேலையில் பெரும்பங்கை வடகிழக்குப் பருவமழை செய்துவிடும்; கோடை விடுமுறை வருவதற்குள் வேர் ஆறு மாதம் ஓடியிருக்கும். அதன் பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது: ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை தண்ணீர் ஊற்றப்போவது யார்? பள்ளிக்குப் பக்கத்திலேயே வீடுள்ள மாணவர்களின் பெயரைக் கிழமைவாரியாக எழுதி, தலைமையாசிரியர் அறையில் ஒட்ட வேண்டும். கன்றுக்கு அருகே வாய் குறுகிய மண்கலயத்தைக் கழுத்தளவு புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடிவைத்தால் சுவர் வழியாகக் கசிந்து வேருக்குப் போகும். தினமும் ஊற்ற வேண்டிய வேலை குறையும். இந்த ஏற்பாடு இல்லாமல் நூறு கன்று நடுவதைவிட, ஏற்பாட்டோடு ஐந்து வேம்போ புங்கமோ நடுவது மேல்.

கன்று பட்டுப்போனால் பழி மாணவர்கள் மேல்தான் விழுகிறது: "பிள்ளைகளுக்கு ஆர்வம் போச்சு." நடும்போது படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் மே மாதம் எட்டிப் பார்ப்பதில்லை. தேதியைத் தேர்ந்தவர்களும் விடுமுறைக்கு ஆள் போடாதவர்களும் பெரியவர்கள். ஆர்வத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை.

தட்டு கழுவும் குழாய்

அளந்து பார்ப்பதன் அருமை சத்துணவு நேரத்தில் குழாயடியில் தெரியும். மாணவர்கள் ஒரு பத்து லிட்டர் வாளியும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு நின்றால் போதும். முழுதாகத் திறந்த குழாய் ஒரு நிமிடத்தில் வாளியை நிரப்புகிறது என்று கொள்வோம். தட்டில் ஒட்டிய சோற்றையும் சாம்பாரையும் குழாயின் வேகத்தாலேயே தள்ளிவிடப் பார்க்கும் பிள்ளைக்கு அரை நிமிடம் ஆகிறது. அது 5 லிட்டர். 200 பிள்ளைகளுக்கு 1,000 லிட்டர், ஒரே வேளைக்கு.

மிச்சத்தை முதலில் ஒரு வாளியில் வழித்துப் போட்டுவிட்டு, ஒரு தொட்டியில் அலசி, ஒரு குவளைத் தண்ணீரில் கடைசியாகக் கழுவினால் தட்டுக்கு ஒரு லிட்டரே அதிகம். கழுவிய தண்ணீரை வாழைக்குத் திருப்பலாம். வாளியில் சேரும் கறிவேப்பிலை, முருங்கைச் சக்கை, முட்டை ஓடு எல்லாம் காய்ந்த இலையோடு கலந்தால் உரம். பழைய பிளாஸ்டிக் குழாயில் துளை போட்டு மண்ணில் நட்டுவைத்தாலே உரக்குழாய் தயார். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று பொருள். இன்னும் சருகு சேர்க்க வேண்டும்.

மழைநீர் சேகரிப்பு தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமானது. குழாயும் குழியும் பள்ளியில் இருக்கும். அவை வேலை செய்கின்றனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 1,000 லிட்டர். 2 மி.மீ. சாரலில் கணக்குப்படி 200 லிட்டர். அதிலும் ஒரு பங்கு கூரையை நனைப்பதிலேயே போய்விடும். ஆகவே சாரல் மாதங்களில் கூரையையும் குழியில் நீரை வடிகட்டும் சல்லியையும் சுத்தம் செய்துவிட்டு, தொட்டியை ஐப்பசி மழைக்குத் தயாராக வைப்பதே முறை.

மின்சாரம்

பழைய மின்விசிறி ஒன்று சுமார் 75 வாட் இழுக்கும். வகுப்பில் நான்கு விசிறி ஆறு மணி நேரம் ஓடினால் 1.8 யூனிட். குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை பி.எல்.டி.சி. விசிறியில் இதில் பாதிகூட ஆகாது. ஆனால் விசிறி வாங்கும் பணம் மாணவர் கையில் இல்லை. காலை வழிபாட்டு நேரத்திலும் விளையாட்டு வகுப்பிலும் காலி அறைகளில் ஓடுபவற்றை ஒரு வாரம் குறித்துவைப்பது அவர்களால் முடியும். சாரல் மாதங்களில் இங்கு இன்னொன்றும் நடக்கும்: சாரல் உள்ளே அடிக்கிறது என்று மேற்குப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டு, பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொள்வார்கள். ஜன்னலுக்கு மேல் சின்னத் தாழ்வாரம் இறக்கினாலோ ஓட்டுக் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு பதித்தாலோ விளக்கு வேண்டாம். சூரியத் தகடு இதற்கெல்லாம் பிறகு. வீணாவதை நிறுத்தாமல் தகடு கேட்பது செலவுக்கு வழி.

குப்பை

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது. குற்றால அருவிகளில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. இருந்தும் ஷாம்பு பாக்கெட் அருவித் தண்ணீர் ஓடும் சிற்றாற்றில் மிதக்கிறது. பள்ளி வாசலில் அதன் இடத்தில் தின்பண்ட உறை கிடக்கும். பிளாஸ்டிக்கும் உலோகப் பூச்சும் அடுக்கடுக்காகச் சேர்ந்த இந்த உறையை மறுசுழற்சிக்கு எடுப்பவர் அரிது. ஆகவே பிரித்துப் போட இரண்டு நிறத் தொட்டி வைப்பதோடு நின்றால் உறை குறையாது. வாசல் கடைக்காரரோடு பேசி கடலை, பனங்கிழங்கு, சீசன் பழம் விற்கவைத்தால் குறையும். ஒரு வாரக் குப்பையைத் தரையில் கொட்டி வகைவாரியாக எடைபோட்டால் எதில் கைவைப்பது என்று விளங்கிவிடும்.

யாரிடம் ஒப்படைப்பது

பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினரை நம்பித் தொடங்கும் எதுவும் அரையாண்டுத் தேர்வோடு நின்றுவிடும். எட்டாம் வகுப்பில் தொடங்கி, ஒன்பதில் நடத்தி, அடுத்த எட்டாம் வகுப்பிடம் நோட்டுப் புத்தகத்தோடு ஒப்படைப்பதே நிலைக்கும். ஆண்டுக்கு ஒரு வேலை போதும். முதல் மாதம் அளப்பதிலேயே போகும். பார்ப்பவர்களுக்கு அது சும்மா இருப்பதுபோலத் தெரியும். யார் என்ன சொன்னாலும் அந்த மாதத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது.

கண்காட்சியில் தெர்மாகோலில் செய்த 'பசுமைப் பள்ளி' மாதிரி பரிசு வாங்கும். குழாயடிக் கணக்கு எழுதிய நோட்டு மேசை மேல் கிடக்கும். தலைமையாசிரியர்களும் நடுவர்களும் மாணவர்களிடம் ஒரே கேள்வி கேட்டால் போதும்: போன ஆண்டு இதே மாதம் எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு? எண்ணில் பதில் சொல்லும் பிள்ளைக்குப் பரிசைக் கொடுங்கள்.