சிறைக்குள்ளும் மாத்திரை நிற்கக் கூடாது

என் தம்பி வேலூர் மத்திய சிறையில் விசாரணைக் கைதி. மனநோய்க்காகப் பல வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். உள்ளே கொடுப்பார்களா? இந்தக் கவலையில் எனக்குத் தறியில் உட்கார்ந்தால் கை ஓடவில்லை.
– வாசகி, தேவிகாபுரம்

கொடுத்தாக வேண்டும் அம்மா. 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சையை எல்லோருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. கைதிகளுக்கென்றே அதில் 103-ம் பிரிவு உண்டு. லித்தியத்தைத் திடீரென நிறுத்தினால் நோய் சீக்கிரம் திரும்பிவிடக்கூடும். ஆகவே நாளைக்கே கிளம்புங்கள். மருந்துச் சீட்டு, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு, இரண்டின் நகலையும் மனுவோடு சிறைக் கண்காணிப்பாளரிடமும் சிறை மருத்துவரிடமும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். காவல் நீட்டிப்பு நாளில் மாஜிஸ்திரேட்டிடம் சிகிச்சைக்கு உத்தரவு கேட்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். வக்கீல் இல்லையென்றால் 15100-க்குப் போன் செய்யுங்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்யும். தம்பியைப் பார்க்கும்போது வாந்தி, அதிகக் கைநடுக்கம் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் ரத்தத்தில் லித்தியம் கூடியிருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.