இன்ஷ்யூர் இல்லாத பயிருக்கும் மந்தைக்கும் சர்க்கார் நஷ்டஈடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1938-ஆம் வருஷத்துச் சட்டத்தின்பேரில் பயிர் இன்ஷ்யூரன்ஸ் ஏற்பட்டது. முதலில் கோதுமைக்கு மாத்திரம் இருந்த அது நாளடைவில் வேறு பயிர்களுக்கும் விரிந்தது. எனினும் எல்லாப் பயிருக்கும் எல்லா ஜில்லாக்களிலும் அது கிடைப்பதில்லை. பிரீமியம் செலுத்த மனமிருந்தும், வாங்குவதற்குப் பாலிஸி இல்லாத குடியானவர்கள் அநேகர். புயலில் மடியும் மாடுகளோ பயிர் இன்ஷ்யூரன்ஸில் அடங்கவே மாட்டா. இவ்விரு குறைகளுக்காகவே சர்க்கார் தனித்தனித் திட்டங்களை வகுத்துள்ளனர்.

பயிர்த் திட்டமும் முற்றிலும் தர்மமன்று. குறித்த தேதிக்குள் கட்டணம் செலுத்திப் பதிவு செய்திருத்தல் வேண்டும். 2018-ஆம் வருஷத்துச் சட்டப்படி அக்கட்டணம் பயிர் ஒன்றுக்கு 325 டாலர். ஏழைகளுக்கும் புதிதாக விவசாயத்தில் இறங்கியவர்களுக்கும் தள்ளுபடி உண்டு. கிடைக்கும் தொகையை ஓர் உதாரணத்தால் அறியலாம். வழக்கமான மகசூல் 100 மூட்டை, மூட்டை விலை 10 டாலர், இவ்வருஷம் கண்டது 30 மூட்டை என்று கொள்வோம். முதற்படியில், மகசூலில் பாதிக்குக் கீழே குறைந்த பாகத்திற்கு மாத்திரமே ஈடு. அதுவும் விலையில் நூற்றுக்கு 55 வீதமே. ஆகவே 20 மூட்டைக்கு 110 டாலர் கிடைக்கும். நஷ்டமோ 700 டாலர். அதிகப் பிரீமியம் செலுத்தினால் அதிக ஈடு பெறவும் வழியுண்டு.

மந்தைத் திட்டத்தின் அருமை 2013-ஆம் வருஷம் தெற்கு டகோட்டா மாகாணத்தில் விளங்கியது. அக்டோபர் மாதத் துவக்கத்தில், மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சல் நிலத்திலேயே இருந்தன. குளிர்கால ரோமம் வளரவில்லை. முதலில் மழை அவற்றை நனைத்தது. பின்னர் கடுங்காற்றும் பனியும் வீசின. பல்லாயிரம் மாடுகள் காற்றின் போக்கில் மைல்கணக்காக நடந்து, வேலியோரங்களிலும் ஓடைப் பள்ளங்களிலும் மடிந்தன. அச்சமயம் மந்தைத் திட்டமோ 1911-ல் அன்று, 2011-லேயே காலாவதியாகிப் போயிருந்தது. வரவு செலவுத் தகராறினால் மத்திய சர்க்காரின் விவசாயக் காரியாலயங்களும் மூடிக்கிடந்தன. முறையிட வந்தவர்களுக்குக் கதவு திறக்க ஆளில்லை.

ஆயினும், "இறந்தவற்றைப் புதைக்குமுன் எண்ணி, படம் பிடித்து வையுங்கள்" என்று அறிந்தோர் புத்தி கூறினர். படமெடுக்க எவருக்கும் மனம் வராத வேளைதான். 2014-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் புதிய சட்டம் பிறந்து, 2011 அக்டோபர் முதல் நேர்ந்த நஷ்டங்களுக்கும் ஈடு தர இடங்கொடுத்தது. அப்பொழுது அப்படங்களும், மிருக வைத்தியரின் அத்தாட்சியும், பிணங்களை எடுத்துச் சென்ற ஆலையின் ரசீதும் பணத்திற்குச் சமானமாயின.

புயலில் மடிந்த மாட்டுக்கு ஈடு, சராசரிச் சந்தை விலையில் முக்கால் பங்கு. சாதாரண வருஷத்தில் எப்படியும் சாகும் எண்ணிக்கை கழிக்கப்படும். அது நூற்றுக்கு 2 என்று கொண்டால், 100 மாடுகளில் 32 இறந்தவனுக்கு 30 மாட்டுக்கே ஈடு கிடைக்கும்.

இறந்தவற்றின் கணக்கு மாத்திரம் போதாது. புயலுக்கு முந்திய நாள் மந்தையில் எத்தனை உருப்படி இருந்தன என்பதற்கும் சாட்சியம் வேண்டும். அதற்குக் கடன் வாங்கிய பாங்கியின் பத்திரமும், வைத்தியர் ஊசி போட்ட குறிப்பும் செல்லும்.